ஃபிளை கட்டுவதற்கான தூண்டில் முள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நூலிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஃபிளை (முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்யும், பூச்சி போன்ற போலி இரை) கட்டப் பழகத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. நூலை இறுக்கமாகச் சுற்றுவதும், சேவலின் கழுத்திறகைச் சீராகச் சுற்றி முடிப்பதும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் எந்த ஃபிளையை எந்த முள்ளில் கட்டுவது என்பதில் மட்டும் இன்னும் தெளிவு பிறக்கவில்லை. என்னிடம் இருப்பது 14-ஆம் எண் முட்கள் கொண்ட ஒரே வகைப் பொட்டலம். அதன் உறையில் '2 எக்ஸ் கனம், 1 எக்ஸ் நீளம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மிதக்கும் டிரை ஃபிளையையும், நீருக்குள் வாழும் இளம்பூச்சியைப் போல ஆழத்தில் போகும் நிம்ஃபையும் நான் இதே முள்ளில்தான் கட்டி வருகிறேன்.

இரண்டு குறைகள் தொடர்ந்து தென்படுகின்றன. முதலாவது, டிரை ஃபிளை நிற்பதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஃபிளையை மெல்ல விட்டுப் பக்கவாட்டிலிருந்து கவனித்தேன். விழுந்த கணத்தில் இறகின் நுனிகள் நீர்ப்பரப்பைக் குழியாக அழுத்திக்கொண்டு அழகாக நிற்கிறது. சில விநாடிகளில் வால் பகுதி தாழ்கிறது. பிறகு தலை மட்டும் மேலே தெரியும்படி செங்குத்தாகத் தொங்கி, சற்று அசைத்தால் முழுவதும் மூழ்கிவிடுகிறது.

இரண்டாவது குறை நிம்ஃபில். 3.3 மில்லிமீட்டர் டங்ஸ்டன் மணி கோத்துக் கட்டுகிறேன். மீன் கடிக்கிறது, கோல் வளைகிறது, இரண்டு விநாடியில் தூண்டில் நரம்பு தளர்ந்துவிடுகிறது. சென்ற முறை ஏழு கடிகளில் இரண்டு மீன்களே கைக்கு வந்தன. என் கை வேகம் போதவில்லையா, அல்லது முள்ளே தவறா என்று தெரியவில்லை. கடைப் பட்டியல்களைப் பார்த்தாலோ ஸ்ப்ரோட், லிமரிக், பெர்ஃபெக்ட் என்று வளைவுகளுக்கே பல பெயர்கள். தொடக்க நிலையில் உள்ளவர் எத்தனை வகை முட்கள் வைத்துக்கொள்ள வேண்டும், தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஆழ்மடு எழுதியது:

வணக்கம் நண்பரே. தம்ளரில் விட்டுப் பார்த்தீர்களே, அது நல்ல வழக்கம். பல ஆண்டுகள் கட்டியவர்களே அதைச் செய்வதில்லை. உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் கை அல்ல, முள்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

முள்ளைத் தேர்ந்தெடுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஃபிளை நீரில் எந்த நிலையில் இருக்க வேண்டும்? பரப்பின் மேல் நிற்க வேண்டுமா, பரப்பில் பாதி தொங்க வேண்டுமா, அடியில் உருள வேண்டுமா? முள் என்பது மீனைப் பிடிக்கும் கருவி மட்டும் அல்ல; ஃபிளையின் முதுகெலும்பும், பெரும்பாலான எடையும் அதுவே. இறகும் மயிரும் எடையில் ஒன்றுமே இல்லை. ஆகவே கம்பியின் தடிமன், தண்டின் நீளம், வாயின் (முனைக்கும் தண்டுக்கும் இடையே உள்ள திறப்பின்) அகலம், காதின் (நரம்பைக் கட்டும் துளையின்) சாய்வு ஆகிய நான்கையும் அந்தக் கேள்விக்கு விடையாகவே பார்க்க வேண்டும். வளைவின் பெயர் அதற்குப் பிறகுதான்.

உங்கள் டிரை ஃபிளை ஏன் வால் பக்கம் தாழ்கிறது என்று பாருங்கள். ஃபிளையைத் தாங்கும் கழுத்திறகு முன்பக்கத்தில் இருக்கிறது. முள்ளின் வளைவும் முனையும், அதாவது இரும்பின் கணிசமான பங்கு, பின்பக்கத்தில் தொங்குகிறது. அந்தப் பின்பக்கத்தை நீர்ப்பரப்பில் தாங்கி நிற்பவை வாலில் கட்டிய சில இழைகள் மட்டுமே. '2 எக்ஸ் கனம்' என்றால் உங்கள் 14-ஆம் எண் முள்ளின் கம்பி, இரண்டு அளவு பெரிய முள்ளுக்குரிய தடிமன் கொண்டது என்று பொருள். அந்த எடையை நாலைந்து இழைகள் தாங்கா. டிரை ஃபிளைக்கு மெல்லிய கம்பி வேண்டும். உறையில் '1 எக்ஸ் மெல்லியது' என்றோ டிரை ஃபிளை முள் என்றோ போட்டிருக்கும். முஸ்டாட் 94840, டீம்கோ 100 ஆகியவை இந்த வகைக்கு நெடுங்காலமாக எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவை. வாலுக்கும் மிருதுவான கோழி இறகைத் தவிர்த்து, விறைப்பான சேவல் இறகின் இழைகளையே பயன்படுத்துங்கள். கழுத்திறகின் இழை நீளம் முள்வாயின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருக்க வேண்டும், வாலின் நீளம் தண்டின் நீளத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இதைக் கவனித்தால் ஒன்று விளங்கும்: ஃபிளையின் எல்லா அளவுகளும் முள்ளிலிருந்தே பிறக்கின்றன. முள்ளை மாற்றிவிட்டு மற்ற அளவுகளைப் பழையபடியே வைத்திருந்தால் ஃபிளை நிற்காது.

நிம்ஃப் விஷயம் வேறு. அங்கே கனமான கம்பி குற்றமல்ல, உதவிதான். அங்கே சிக்கல் வாயில் இருக்கிறது. மீனின் தாடையில் ஏறி உட்கார வேண்டிய இடம் அது. 14-ஆம் எண் முள்ளில் 3.3 மில்லிமீட்டர் மணி பெரியது. பலரும் அந்த அளவுக்கு 2.8 மில்லிமீட்டர் மணியையே கோப்பார்கள், 16-க்கு இன்னும் சிறியதாக 2.3 அல்லது 2.4. நடுவில் துளையுள்ள மணியின் பாதி தண்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. அதன் பின்னால் நீங்கள் தடிமனாக உடலையும் சுற்றியிருந்தால், வாயில் மீதமிருப்பது ஒரு கீற்றுதான். மீன் கடிக்கும், முனை தோலில் மட்டும் மாட்டும், தலையை ஒருமுறை உதறினால் கழன்றுவிடும். நீங்கள் சொல்லும் 'இரண்டு விநாடி' அதுவேதான்.

எடைக்காக மணியைப் பெரிதாக்கத் தேவையில்லை. டங்ஸ்டனின் அடர்த்தி பித்தளையைப் போல இரு மடங்குக்கும் மேல். எனவே சிறிய மணியிலேயே போதிய எடை கிடைக்கும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காப்பாளராக இருந்த ஃபிராங்க் சாயர் தமது ஃபெசன்ட் டெயில் நிம்ஃபை நூலே இல்லாமல் மெல்லிய செப்புக் கம்பியாலேயே கட்டினார். கட்டும் பொருளே எடையாகவும் ஆனதால் உடல் ஒல்லியாக இருந்தது, முள்வாயும் திறந்தே இருந்தது. அந்த ஒல்லியான உருவத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கட்டிப் பாருங்கள்.

அடுத்து வாங்கும்போது ஜிக் முள் ஒரு பொட்டலம் வாங்குங்கள். அதன் கழுத்து காதுக்கு அருகில் ஏறத்தாழ 60 பாகை மடிந்திருக்கும். அதில் ஒருபுறம் வெட்டுள்ள மணியைக் கோத்தால், மணியின் பருமன் பெரும்பாலும் முனைக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து வாய் திறந்தே இருக்கும். நீரில் மணி கீழாகவும் முனை மேலாகவும் புரண்டு போவதால் அடிக்கற்களில் சிக்குவதும் குறையும். ஆற்றின் அடியில் ஃபிளைகளை இழந்து இழந்து சலித்துப்போயிருந்த எனக்கு இது பெரிய ஆறுதலாக அமைந்தது.


அளவுகோல் எழுதியது:

ஆழ்மடு ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். அளவுகளைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பணத்தை வீணாக்குவது இங்கேதான்.

முள்ளின் எண் கூடக் கூட முள் சிறியதாகும். 10, 12, 14, 16 என்று இரட்டைப்படையில் இறங்கிச் செல்லும். எதிர்த்திசையில் 2, 1 என்று பெரிதாகி, அதன் பிறகு 1/0, 2/0 என்று மேலும் பெரிதாகும். இந்த எண் வாயின் அகலத்தை ஒட்டியது என்று பொதுவாகச் சொல்வார்கள். 'எக்ஸ்' என்பது அதிலிருந்து எவ்வளவு விலகல் என்பதைக் காட்டுவது: 2 எக்ஸ் நீளம் என்றால், தண்டு இரண்டு அளவு பெரிய முள்ளின் தண்டைப் போன்றது, 2 எக்ஸ் குட்டை என்றால் அதற்கு நேர்மாறு. ஆனால் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது அளவுமுறை எதுவும் கிடையாது. ஒருவருடைய 14 இன்னொருவருடைய 16-க்கு அருகில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை உறையிலிருந்த எண்ணை மட்டும் நம்பி நூறு முட்கள் வாங்கி, என்னிடமிருந்த மணிகள் எதுவும் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் பல்லைத் தாண்டி ஏறாமல் திகைத்து நின்றேன். அன்று முதல் ஒரு தடித்த அட்டையில் ஒவ்வொரு வகையிலும் ஒரு முள்ளைக் குத்தி, பக்கத்தில் வாய் அகலத்தையும் தண்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதி வைக்கிறேன். புதிய முள் வந்தால் அந்த அட்டையின் மேல் வைத்துப் பார்ப்பேன். உறை சொல்வதைவிட அந்த அட்டை உண்மை பேசும்.

இந்த எக்ஸையும், ஃபிளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பான டிப்பெட்டின் எக்ஸையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிப்பெட்டில் எக்ஸ் கூடினால் நரம்பு மெலியும். 5 எக்ஸ் என்பது 0.006 அங்குலம், ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். ஆயினும் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நூலிழை அவர்களின் இரண்டாவது குறைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தடித்த கம்பியைத் தாடைக்குள் இறக்க அதிக விசை வேண்டும். மெல்லிய டிப்பெட்டில் அவ்வளவு விசை கொடுத்தால் நரம்பு அறுந்துவிடும் என்று அஞ்சி நாம் மெதுவாக இழுப்போம்; முனை பாதியிலேயே நின்றுவிடும். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் வருவது பொருத்தமான டிப்பெட்டின் எக்ஸ் என்பது கைக்கணக்கு. 16-க்கு 5 எக்ஸ் வரும். கனமான கம்பி என்றால் அதைவிட ஒரு படி தடித்த டிப்பெட்டைக் கட்டுங்கள்.

வளைவுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெர்ஃபெக்ட் என்பது ஏறக்குறைய வட்டமான வளைவு; வாய் அகலமாகக் கிடைக்கும். ஸ்ப்ரோட் மெல்லச் சரிந்து பின்னால் கூர்மையாகத் திரும்பும். நீருக்குள் மூழ்கிப் போகும் வெட் ஃபிளைகளிலும் நிம்ஃப்களிலும் அதிகம் காணலாம். லிமரிக் அதைவிடக் கூர்மையான மூலையோடு திரும்பும். சால்மன் ஃபிளைகளிலும், சிறு மீனைப் போலக் கட்டும் ஸ்ட்ரீமர்களிலும் அதன் தோற்றத்துக்காகவே விரும்புபவர்கள் உண்டு. இந்த மூன்றுக்கும் இடையே மீன் பிடிபடுவதில் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தண்டே வளைந்த முட்கள் அப்படி அல்ல; அவை ஃபிளையின் நிலையையே மாற்றிவிடுகின்றன. 1980-களில் ஹான்ஸ் வான் கிளிங்கன் உருவாக்கிய கிளிங்காமர் ஃபிளையில் உடல் முழுவதும் நீருக்குள் தொங்க, கிடையாகச் சுற்றிய கழுத்திறகு மட்டும் பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நேர்த்தண்டு முள்ளில் கட்டினால் அந்த நிலை வராது. நூலிழை அவர்களின் தம்ளரில் குறையாகத் தெரிந்த அதே தொங்கல், அங்கே விரும்பி வரவழைத்த ஒன்று.

வளைந்த முட்களிலும் கம்பியைக் கவனிக்க வேண்டும். டீம்கோ 2487, 2457 இரண்டையும் அருகருகே வைத்தால் உருவம் ஒன்றே. முன்னது மெல்லிய கம்பி, பின்னது 2 எக்ஸ் கனம். பரப்பில் தொங்க வேண்டியதை முன்னதிலும், அடிக்கு இறங்க வேண்டியதைப் பின்னதிலும் கட்டுவேன். படத்தைப் பார்த்து வாங்கினால் இந்த இரண்டில் தவறானது கைக்கு வந்துவிடும்.

காது பற்றி ஒன்று. கீழே சாய்ந்த காது வழக்கமானது, 16 வரை அதனால் தொல்லை இல்லை. 20-ஆம் எண்ணுக்கும் அதைவிடச் சிறிய முட்களுக்கும் போகும்போது அந்தச் சாய்வே வாயை மறைக்கத் தொடங்கும். அங்கே நேரான காதுள்ள முள்ளை எடுங்கள்.


உப்புக்காற்று எழுதியது:

நான் பெரும்பாலும் கடல் மீன்களுக்கும் பெரிய வேட்டை மீன்களுக்கும் கட்டுபவன் என்பதால் என் கவலைகள் சற்று வேறு. நூலிழை அவர்கள் ஒரு நாள் ஸ்ட்ரீமர் பக்கம் வருவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சிறு மீனைப் போன்ற நீளமான ஃபிளை வேண்டுமென்றால் நீளமான தண்டுள்ள முள்ளை எடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். 3 எக்ஸ், 4 எக்ஸ், 6 எக்ஸ் நீளம் வரை கிடைக்கிறது. ஓரளவுக்கு மேல் அது மீனுக்கே சாதகமாகிவிடும். நீண்ட தண்டு ஒரு நெம்புகோல். பெரிய மீன் தலையை உதறும்போது அந்த நெம்பலில் முனையின் துளை அகன்று முள் வெளியேறும். எனவே நான் 3 எக்ஸுக்கு மேல் போவதில்லை. அதைவிட நீளம் தேவைப்பட்டால் குட்டையான முள்ளில் நீண்ட மயிரைக் கட்டுவேன், அல்லது முன்னால் வெறும் தண்டை வைத்து, பின்னால் தனி முள்ளைக் கோத்துவிடுவேன். மயிர் நீளமானால் அது வளைவில் சுற்றிக்கொள்ளும் என்ற தொல்லை உண்டு. அதற்கு வாலின் அடியில் சற்று விறைப்பான இழைகளை முதலில் கட்டினால் போதும்.

வாயைப் பற்றி ஆழ்மடு சொன்னது எங்கள் ஃபிளைகளில் இரட்டிப்பாகப் பொருந்தும். மான் மயிரைத் தண்டில் சுழற்றிக் கட்டி, கத்தரித்து உருண்டையாக்கும் மிதக்கும் ஃபிளைகளில் மயிர் அடர்த்தியாக நிறைந்து வாயை அடைத்துவிடும். அடிப்பக்கத்தைத் தண்டோடு ஒட்டத் தட்டையாகக் கத்தரிக்க வேண்டும். முள்ளும் அகல வாயுள்ள வகையாக இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு முனைக்கும் உடலுக்கும் இடையே என் சுண்டுவிரல் நுனி தாராளமாக நுழைகிறதா என்று பார்ப்பேன். நுழையாவிட்டால் மீண்டும் கத்தரிக்கோலை எடுப்பேன்.

முனை மேலே வர ஜிக் முள்தான் வேண்டும் என்பதில்லை. பாப் கிளவுசர் 1987-இல் வடிவமைத்த கிளவுசர் மின்னோவில் சாதாரண நேர்த்தண்டு முள்ளில், தண்டின் மேற்பக்கத்தில் இரட்டைக் குமிழ் போன்ற ஈயக் கண்களைக் கட்டினார்கள்; அந்த எடை கீழே வரும்படி ஃபிளை தானே புரண்டு, முனை மேல்நோக்கிப் போகிறது. கட்டும்போது வைஸில் (முள்ளை இறுகப் பிடித்து வைக்கும் கருவியில்) தலைகீழாக இருப்பதுதான் நீரில் நேராகும் என்பதை மறந்து, வயிற்றின் வெள்ளை மயிரையும் முதுகின் கருமையையும் மாற்றிக் கட்டிவிடுபவர்கள் பலர்.

உப்பு நீரில் வெண்கல நிறம் பூசிய சாதாரண கார்பன் எஃகு முட்கள் வேகமாகத் துருப்பிடிக்கும். அந்தத் துரு ஃபிளையின் வெள்ளை மயிரையும் கறையாக்கும். முஸ்டாட் 34007 போன்ற துருப்பிடிக்காத எஃகு முட்கள் இதற்காகவே உள்ளன. ஆனால் அவற்றின் முனையை அவ்வப்போது சிறு அரத்தால் தீட்டிக்கொள்ள வேண்டும். தகரம் பூசிய கார்பன் எஃகு முட்களும் உண்டு. வந்ததும் நன்னீரில் அலசி உலர்த்தும் பழக்கம் இருந்தால் அவையும் நன்றாகவே உழைக்கும். ஈரமான ஃபிளைகளை மூடிய பெட்டியில் போட்டு வைப்பதுதான் எல்லா முள்ளுக்கும் எமன்.


நூலிழை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படித்த அன்றே பழைய நிம்ஃப்களில் நான்கைச் சவரக் கத்தியால் அறுத்துப் பிரித்து, வெறும் முள்ளையும் கட்டிய முள்ளையும் அருகருகே வைத்து அளந்தேன். நான் சுற்றிய உடலும் மணியும் சேர்ந்து வாயில் பாதிக்கு மேல் விழுங்கியிருந்ததைக் கண்ணால் கண்டபோதுதான் விஷயம் முழுமையாகப் புரிந்தது. மெல்லிய கம்பியுள்ள 14-ஆம் எண் டிரை ஃபிளை முட்களை இரவல் வாங்கி, விறைப்பான வாலோடு இரண்டு ஃபிளைகள் கட்டினேன். தம்ளரில் விட்டுவிட்டு உணவருந்தப் போனேன். திரும்பி வந்தபோதும் வால் தாழாமல் நின்றுகொண்டிருந்தது.

இன்னும் ஒரே ஐயம். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் பல் இல்லாத முட்களையே வாங்க வேண்டுமா, அல்லது இருப்பதன் பல்லை நசுக்கிக்கொண்டால் போதுமா? குறடால் நசுக்கிப் பார்த்ததில் கட்டி முடித்த ஒரு ஃபிளையின் முனையே உடைந்து விழுந்துவிட்டது.


ஆழ்மடு எழுதியது:

இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பல் இல்லாமலே செய்யப்படும் முட்களில் முனையைச் சற்று நீட்டியும், நுனியைச் சிறிது உள்நோக்கித் திருப்பியும், வாயை அகலமாக்கியும் அமைத்திருப்பார்கள். பல் செய்யும் வேலையை வடிவம் செய்கிறது. நரம்பைத் தளரவிடாமல் பிடித்திருந்தால் மீன் கழல்வதில்லை, விடுவிக்கும்போது அதன் வாயும் கிழிவதில்லை. மணி கோப்பதும் எளிது, பல்லில் தடைபடாது. மீனைத் திரும்ப நீரில் விடுபவர் என்றால் ஜிக் முட்களை இந்த வகையிலேயே வாங்கிவிடுங்கள்.

இருப்பதை நசுக்குவதென்றால் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். எஃகு விறைப்பாகப் பதப்படுத்தப்பட்டிருப்பதால் சில முட்கள் உடையத்தான் செய்யும். வெறும் முள்ளாக உடைந்தால் இழப்பது ஒரு முள், ஃபிளையாக உடைந்தால் அரை மணி நேர உழைப்பு. குறடு தட்டையான, பற்கள் இல்லாத தாடை கொண்டதாக இருக்க வேண்டும். நீங்கள் பக்கவாட்டில், முனைக்குக் குறுக்காகப் பிடித்து அழுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது முனை குறுக்கே நெளிந்து முறியும். முனையின் நீளவாக்கிலேயே குறடு அமையும்படி, முன்னாலிருந்து பிடித்து, ஒரே அழுத்தாக இல்லாமல் மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். பல் தட்டையாகி ஒரு சிறு மேடு மட்டும் எஞ்சினால் போதும். அந்த மேடும் மீனைப் பிடித்து வைக்க ஓரளவு உதவும்.

அதே நேரத்தில் இன்னும் இரண்டு சோதனைகளையும் முடித்துவிடுங்கள். முள்ளை வளைவில் பிடித்து வைஸில் பொருத்தி, காதை விரலால் சுண்டுங்கள்: மெல்லிய ஒலியுடன் பழைய இடத்துக்கே திரும்பினால் பதம் சரி, வளைந்தபடியே நின்றாலும் ஒடிந்தாலும் அந்த முள் வேண்டாம். பிறகு முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து எடையே கொடுக்காமல் இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தீட்ட வேண்டும். நகத்தில் குத்தி நின்றால் நூலை எடுத்துக் கட்டத் தொடங்கலாம்.